பட்ஜெட்டில் விழுந்தது யார் துண்டு?

ஒரே சொல், பத்திரிகையில் பத்து வேலை!

காலை 6 மணி. ஊர் எல்லையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு பத்திரிகை.

பத்திரிகையைக் கையில் பிடித்திருந்தவர் ஒரு பெரியவர். வயது 60-க்கு மேல் இருக்கும். முதியோர் வகுப்பில் சேர்ந்து, அண்மையில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டவர். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, முதல் பக்கத் தலைப்பை உரக்கப் படித்தார்.

"பட்... ஜெட்... டில்... துண்டு விழுந்தது!"

படித்துவிட்டு நிமிர்ந்தார். தம் தோளைத் தொட்டுப் பார்த்தார். துண்டு இருந்தது.

"யார் துண்டு தம்பி விழுந்தது? மந்திரி துண்டா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான்! கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. பத்திரிகையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

நானும் அங்கே இருந்தேன். பலமாகச் சிரித்த இளைஞரிடம், "சரி, நீங்கள் சொல்லுங்கள். துண்டு விழுந்தது என்றால் என்ன?" என்று கேட்டேன்.

"பணம் போதவில்லை என்று அர்த்தம்."

"எந்தப் பணம்? போதாத பணத்தை யார் கொடுப்பது?"

பதில் இல்லை. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் டீ கிளாசைப் பார்த்தார்கள்.

பெரியவர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. சிரித்த ஒருவருக்கும் முழு விடை தெரியவில்லை. அந்த விடை நம் வீட்டுச் செலவோடு ஒட்டியது. ஆகவே, நேயர்களே, இன்று "துண்டு" என்ற இந்த ஒரு சொல்லின் கதையைப் பார்ப்போம்.

தோளில் ஒன்று, தட்டில் ஒன்று

துண்டு இல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? குளித்தால் துவட்டத் துண்டு. வெளியே கிளம்பினால் தோளில் மேல்துண்டு. வயலில் இறங்கினால் தலையில் முண்டாசு. மதியம் மரத்தடியில் படுத்தால் அதுவே விரிப்பு. கடைக்குப் போனால் அதுவே பை.

ஜவுளிக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஈரிழைத் துண்டு, கதர்த் துண்டு, தேங்காய்ப்பூத் துண்டு என்று எடுத்துப் போடுவார்கள். அரசாங்கமும் துண்டை மறக்கவில்லை. 1985-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சில துணி ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். விசைத்தறியில் நெய்யக்கூடாது என்பது அந்தச் சட்டம். அந்தப் பட்டியலில் சேலை, வேட்டியோடு துண்டும் இருக்கிறது.

இது உடுக்கும் துண்டு. இன்னொரு துண்டும் உண்டு. கரும்புத் துண்டு, மாங்காய்த் துண்டு, மீன் துண்டு. முழுசிலிருந்து வெட்டி எடுத்தது எதுவோ, அது துண்டு.

இரண்டும் வேறு வேறா? இல்லை. "துணி" என்ற சொல்லையே பாருங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நீளமாக ஓடும் பாவிலிருந்து வெட்டி எடுத்தால் அது துணி, துண்டு. சொல்லில் கத்தரி இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பத்திரிகையைத் திறந்தால், பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

பெரியவர் கேட்ட துண்டு

முதலில் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

ஒரு குடும்பம். மாத வருமானம் 18,000 ரூபாய். அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மருந்து எல்லாம் சேர்த்துச் செலவு 20,500 ரூபாய். எவ்வளவு குறைகிறது? 2,500 ரூபாய். "இந்த மாதம் 2,500 துண்டு விழுகிறது" என்று வீட்டு அம்மாள் சொல்கிறாள். வரவு செலவை எட்டவில்லை. நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளிக்குத்தான் துண்டு என்று பெயர்.

அரசாங்கத்துக்கும் இதே கணக்குத்தான். ஆயிரம், லட்சம் என்பதற்குப் பதில் அங்கே கோடி. வரவு செலவுத் திட்டத்துக்குத்தான் பட்ஜெட் என்று பெயர். வரவைவிடச் செலவு அதிகமானால், "பட்ஜெட்டில் துண்டு" என்று பத்திரிகை எழுதுகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்தியாவில் பட்ஜெட் பிறந்த கதையிலேயே துணிமணி கலந்திருக்கிறது!

தொப்பி செய்தவர் போட்ட பட்ஜெட்

1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு, வெள்ளைக்கார சர்க்காரின் கஜானாவில் பெரிய துண்டு விழுந்தது. அதைச் சரிக்கட்ட இங்கிலாந்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். 1860-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைக் கல்கத்தாவில் படித்தார்.

அவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஜவுளித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் தொப்பி செய்து விற்றவர். நீலச் சாயமாகிய அவுரியில் பணத்தைப் போட்டு, 1837-இல் பெரும் நஷ்டம் அடைந்தவர். அதன் பின் 1843-இல் "எக்கனாமிஸ்ட்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

தொப்பி வியாபாரி, பத்திரிகைக்காரர், நிதி மந்திரி; மூவரும் ஒருவரே! துண்டை அடைக்க அவர் கொண்டுவந்தது வருமான வரி. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கல்கத்தாவிலேயே நோய்கண்டு இறந்துபோனார். ஆனால் வருமான வரி இடையில் நின்றாலும், பிறகு மீண்டும் வந்து நிலைத்துவிட்டது.

துணி போட்டுத் துண்டை அடைத்தார்

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவர் ஒரு தமிழர். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். நாள்: 1947 நவம்பர் 26. ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது.

எதிர்பார்த்த வரவு 171 கோடியே 15 லட்சம் ரூபாய். செலவு 197 கோடியே 39 லட்சம். கழித்துப் பாருங்கள். துண்டு 26 கோடியே 24 லட்சம்.

இதைக் குறைக்க அவர் என்ன செய்தார்? வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் வரியை உயர்த்தினார். அதில் 1 கோடியே 65 லட்சம் கிடைக்கும் என்று கணக்கிட்டார். துண்டு 24 கோடியே 59 லட்சமாகக் குறைந்தது. துணியில் போட்ட வரியால் துண்டு சுருங்கியது!

பட்ஜெட் காகிதங்களைத் தோல் பெட்டியில் வைத்து எடுத்துவருவது வெகுகால வழக்கம். 2019 ஜூலை 5-ந் தேதி, நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பெட்டியை விட்டுவிட்டார். கணக்கு ஏட்டைச் சுற்றுவதுபோல, சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். மறுநாள் பத்திரிகைகளில் அந்தத் துணிக்குத்தான் படம்!

இரண்டு வகைத் துண்டு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்ஜெட் செய்தியில் "வருவாய்ப் பற்றாக்குறை", "நிதிப் பற்றாக்குறை" என்று இரண்டு சொற்கள் வரும். இரண்டும் துண்டுதான். ஆனால் ஒன்றல்ல.

சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வரவு போதவில்லை என்றால் அது வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாடச் செலவு, பாலம், அணை, கட்டடம் எல்லாம் சேர்த்து, மொத்தத்தில் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறதோ, அது நிதிப் பற்றாக்குறை.

வீட்டுக் கணக்கில் சொன்னால் எளிது. கிணறு வெட்டக் கடன் வாங்கலாம். தண்ணீர் வரும், பயிர் விளையும், கடன் அடையும். தினமும் சோற்றுக்கே கடன் வாங்கினால்? அடுத்த ஆண்டும் வாங்க வேண்டும், வட்டியும் சேரும். ஆகவே, "துண்டு எவ்வளவு?" என்று மட்டும் பார்த்தால் போதாது. "எதற்காக விழுந்தது?" என்றும் பார்க்க வேண்டும்.

துண்டு மிதமிஞ்சிப் போகாமல் இருக்க மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் 2003-இல் தனித்தனியே சட்டம் செய்தன. என்றாலும், விழுந்த துண்டை அடைக்க வழி சிலவே. வரியைக் கூட்டலாம், செலவைக் குறைக்கலாம், சொத்தை விற்கலாம், கடன் வாங்கலாம். வரி என்றால் நாம் கொடுக்கிறோம். செலவுக் குறைப்பு என்றால் நமக்கு வரும் சலுகை குறையலாம். கடன் என்றால் நம் பிள்ளைகள் கட்டுவார்கள்.

பெரியவர் "யார் துண்டு?" என்று கேட்டாரே, அதற்கு விடை இதுதான். அது நம்முடைய துண்டு.

மூலையில் ஒரு துண்டு

இனிப் பத்திரிகையின் மற்றப் பக்கங்களைப் புரட்டுவோம்.

பெரிய செய்திகளுக்கு அடியில் நாலு வரி, ஐந்து வரியில் சின்னச் செய்திகள் இருக்கும். "கிணற்றில் விழுந்த பசு மீட்பு" என்பதுபோல. இவைதாம் துண்டுச் செய்திகள்.

இவை எப்படி வந்தன? அந்தக் காலத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, அச்சுக் கோர்த்தார்கள். பத்தி பத்தியாகப் பக்கம் கட்டுவார்கள். பெரிய செய்தி முடிந்த பிறகு பத்தியின் அடியில் இரண்டு விரற்கடை இடம் மீந்துவிடும். அங்கே வெள்ளையாக விட்டால் பக்கம் பல்லிளிக்கும். உடனே, "ஒரு துண்டு கொடுங்கள்!" என்று அச்சுக்கூடத்திலிருந்து குரல் வரும். உதவி ஆசிரியர் தயாராக வைத்திருக்கும் சின்னச் செய்தியைக் கொடுப்பார். சட்டையில் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதுபோல அது போய் உட்காரும்.

இன்று பக்கம் கட்டுவது கம்ப்யூட்டர். ஆனாலும் துண்டுச் செய்தி போகவில்லை. ஏன்? படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! புதிதாக எழுத்துக் கற்றவர்கள் முதலில் முழுசாகப் படித்து முடிப்பது இந்த நாலு வரியைத்தான். பஜ்ஜி கட்டிக்கொடுத்த காகிதத் துண்டில் பாதிச் செய்தியைப் படித்து, மீதி என்ன ஆயிற்றோ என்று தவித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கையில் ஒரு துண்டு

"கூட்டத்தில் துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன" என்று செய்தி வருகிறது. ஒரே தாளில் அச்சிட்டு, கையில் கொடுக்கும் நோட்டீசுதான் துண்டுப் பிரசுரம். தாள் சிறியது, வேகம் பெரியது.

1929 ஏப்ரல் 8-ந் தேதி டெல்லி மத்திய சட்டசபையில் பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் குண்டு வீசினார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. குண்டோடு சேர்த்து அவர்கள் வீசியது துண்டுப் பிரசுரங்கள். தாங்கள் எதற்காக இதைச் செய்கிறோம் என்பதை நாட்டுக்குச் சொல்ல அந்தத் தாள்களையே நம்பினார்கள்.

இன்று தேர்தல் வந்தால் வீட்டு வாசலில் துண்டுப் பிரசுரம் குவிகிறது. அதைப் படிக்கும்முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடியில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி தேர்தல் பிரசுரத்தில் அவை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் போட அஞ்சுகிறவன் எழுதியதை நாம் ஏன் நம்ப வேண்டும்?

அறுந்தால் துண்டிப்பு

துண்டிலிருந்து பிறந்த வினைச்சொல் துண்டித்தல். புயல், வெள்ளம், போர் என்றால் இந்தச் சொல் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலில் பாம்பன் ரயில் பாலம் சேதமடைந்தது. இராமேசுவரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ரயில் தொடர்பு துண்டிக்கப்பட்டது. தொடர்பு துண்டித்தது என்றால் நடுவே வெட்டு விழுந்தது என்று பொருள்.

நாடுகள் கோபித்துக்கொண்டால் "உறவு துண்டிப்பு". ஒரு நாட்டையே பிரித்தால் "துண்டாடுதல்". 1947-இல் இந்தியா துண்டாடப்பட்டது. ராட்கிளிப் என்ற வெள்ளைக்கார வக்கீல் வரைபடத்தில் கிழித்த எல்லைக்கோடு ஆகஸ்ட் 17-ந் தேதி வெளியாயிற்று. கோடு போட்டது காகிதத்தில். வெட்டுப்பட்டது லட்சக்கணக்கான குடும்பங்கள்.

வீட்டுக்கு வேண்டிய ஒரு வித்தியாசமும் சொல்கிறேன். "நாளை மின் நிறுத்தம்" என்றால் பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் கரண்டு இருக்காது, மாலையில் வந்துவிடும். "மின் இணைப்பு துண்டிப்பு" என்றால் அப்படியல்ல. பெரும்பாலும் பணம் கட்டாததால் கம்பியை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பணம் கட்டினால்தான் திரும்ப வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், கரண்டு தானாக வரும் என்று இருட்டில் காத்திருக்க வேண்டியதுதான்!

துண்டு போட்டு இடம் பிடித்தார்!

பேச்சு வழக்கிலிருந்து வந்த துண்டுகளும் பத்திரிகையில் உண்டு.

பஸ் நிற்கும்முன் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். துண்டு கிடந்தால் அந்த இடம் ஒருவருக்கு உரியது; எழுதாத சட்டம் அது! இப்போது அரசியல் செய்தியிலும் இது ஏறிவிட்டது. "தலைவர் பதவிக்கு மூவர் துண்டு போடுகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். அங்கே துணியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இடம் மட்டும்தான் இருக்கிறது!

சீட்டுக் கம்பெனி ஓடிவிட்டால், "பணம் போட்டவர்கள் தலையில் துண்டு!" முகத்தை வெளியே காட்ட முடியாமல் துண்டால் மூடிக்கொண்டு போகும் நிலை என்பது பொருள். காட்டு யானை ஊருக்குள் வந்துவிட்டால், "துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓட்டம்!" கிரிக்கெட்டில் தோற்ற கட்சிக்கும் இதே வரியை எழுதுவார்கள்.

மாட்டுச் சந்தைச் செய்தியில் வரும் துண்டு இன்னும் வேடிக்கை. மணப்பாறைச் சந்தை, அந்தியூர்ச் சந்தை என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகரும் வாங்குபவரும் கையோடு கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். வாய் பேசாது. விரல் பேசும். எந்த விரலை எத்தனை தடவை அழுத்துகிறார் என்பதில் விலை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. "துண்டுக்குள் முடிந்தது பேரம்" என்று நிருபர் எழுதுவார்.

துண்டின் நிறத்தைப் பார்த்தும் செய்தி அறியலாம். பச்சைத் துண்டு போட்டவர்கள் கலெக்டர் ஆபீசுக்கு வந்தால், விவசாயிகள் மனுக் கொடுக்க வந்திருக்கிறார்கள். கறுப்புத் துண்டு கட்டி நின்றால், எதிர்ப்பு. கரைபோட்ட துண்டு என்றால், எந்தக் கட்சி என்று கரையே சொல்லிவிடும்.

தோளிலிருந்து இறங்காத துண்டு

இத்தனை துண்டு பார்த்தோம். கடைசியாக ஒரு துண்டு. இது விளையாட்டு அல்ல.

தோளில் துண்டு போடுவது எல்லாருக்கும் உரிய காரியமாக ஒரு காலத்தில் இருக்கவில்லை. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள், பண்ணையார் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட வேண்டும். கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அல்லது இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஊரே மெச்சும் நாகசுர வித்துவானாக இருந்தாலும், பெரிய மனிதர் முன் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும்!

1925-இல் ஈரோட்டில் பெரியார் "குடி அரசு" பத்திரிகையைத் தொடங்கினார். சுயமரியாதைப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், செட்டிநாட்டில் உள்ள கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். நாகசுரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. அவர் தோளில் துண்டு இருந்தது. அதை எடுக்கும்படி சிலர் சொன்னார்கள். ஊர்வலத்தில் சச்சரவு மூண்டது. அப்போது பட்டுக்கோட்டை அழகிரிசாமி முன்னே வந்து நின்றார். துண்டை எடுக்க வேண்டாம் என்று வித்துவானுக்குத் தைரியம் சொன்னார். துண்டு தோளிலேயே இருந்தது. அந்தச் செய்தியை இன்றும் சொல்கிறார்கள்.

1950-இல் நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து, தண்டனையைக் கடுமையாக்கியது. ஒருவனுடைய தோள் துண்டை இறக்கு என்று சொல்ல இன்னொருவனுக்கு உரிமை இல்லை. அப்படிப்பட்ட புகார் இன்று பத்திரிகையில் வந்தால், அது நாலு வரித் துண்டுச் செய்தியாக இருந்தாலும் நின்று படியுங்கள். அளவில் சிறியது, விஷயத்தில் பெரியது.

துணி என்ற சொல்லுக்கு வெட்டு என்று பொருள் சொன்னேன். "துணி" என்றால் தைரியமாக இரு என்றும் பொருள் உண்டல்லவா? தோள் துண்டை இறக்க மறுத்தவர்கள் அந்தப் பொருளை நமக்குக் காட்டினார்கள்.

பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

சரி, பத்திரிகையில் துண்டு வந்தால் எந்தத் துண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி மிகச் சுலபம். பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்.

துண்டு "விழுந்தால்", பணக் கணக்கு. துண்டு "போட்டால்", இடம் பிடிப்பு. துண்டுக்குப் பின் "செய்தி" வந்தால் சின்னச் செய்தி. "பிரசுரம்" வந்தால் நோட்டீசு. "துண்டித்தல்" என்றால் தொடர்பு அறுந்தது. "துண்டாடுதல்" என்றால் நாடு பிரிந்தது. துண்டு "தலையில்" இருந்தால் நஷ்டம். "தோளில்" இருந்தால் மானம்.

தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. சிரிப்பவரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள்.

மறு வாரம் அதே டீக்கடைக்குப் போனேன். பெரியவர் இருந்தார். பத்திரிகையும் அவர் கையில் இருந்தது. நான் சொன்ன வீட்டுக் கணக்கை அவர் மறக்கவில்லை. முன்பு சிரித்த இளைஞரைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, துண்டு விழுந்தது சரி. அது சோற்றுக்கு விழுந்ததா, கிணற்றுக்கு விழுந்ததா? படித்துச் சொல்லு!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இளைஞர் பத்திரிகையை வாங்கி, உள்பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.